சிலாவோஸ் மலையில் பனிமய மாதா

தூத்துக்குடிக்காரர்களுக்குப் பனிமய மாதா என்றால் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்டு 5 பெருவிழா, சப்பரத்தைச் சுற்றி நெருக்கும் கூட்டம், உப்புக்காற்று. பனியை நாங்கள் படத்தில் பார்த்ததோடு சரி. அதே மாதா பெயரில் இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கே, பிரான்சின் ரீயூனியன் தீவில், சிலாவோஸ் என்ற மலையூரில் ஓர் ஆலயம் இருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து, ஒருதரம் போய்க் கும்பிட்டுவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடிவாரத்தில் இருக்கும் ஊர் சேன் லூயி. கரும்புக் காடு, கோல் சர்க்கரை ஆலை. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம்மவர்கள் வழிபட்ட கோயிலும் அங்கே உண்டு. அவர்களுடைய பேரன் பேத்திகளை ‘மலபார்’ என்று அழைக்கிறார்கள். பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் தீமிதி விடவில்லை.

அங்கிருந்து பேருந்து ஏறினால் சுமார் 37 கிலோமீட்டர், 400க்கு மேல் வளைவு. 1930களில் போட்ட பாதை. குகைவழிகளில் பேருந்து இரண்டு பக்கமும் உரசாமல் போகிறதே, அதுவே ஒரு அற்புதம். நான் செபமாலையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி நிம்மதியாகத் தூங்கினார். மழை பெய்தால் பாறை சரிந்து பாதை அடைபடும். அப்போது மேலே இருப்பவர்கள் மேலேயேதான்.

வழியெங்கும் சிவப்பு வர்ணம் அடித்த சின்னச் சின்னக் கெபிகள், அதாவது சுரூபம் (சிலை) வைத்த மாடங்கள், புனித எக்ஸ்பெடித்துக்கு. அவசர வேண்டுதலுக்கு உரிய புனிதர். கத்தோலிக்கர் மட்டுமல்ல, அங்குள்ள இந்துக்களும் இவருக்கு நேர்ச்சை வைக்கிறார்கள். கேட்டது கிடைக்காவிட்டால் சுரூபத்தின் தலையைத் தட்டிவிடுவார்களாம்! தலையில்லாத எக்ஸ்பெடித்து பல இடத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

கடைசி வளைவு கடந்தால் சிலாவோஸ். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் செங்குத்து மலைச்சுவர் எழும்பிய பெரும் பள்ளத்துக்குள் ஓர் ஊர். அணைந்துபோன எரிமலையின் பக்கங்கள் இடிந்தும் ஆற்று நீர் அரித்தும் உண்டான பள்ளம் இது. தலைக்கு மேலே பித்தோன் தெ நேழ், 3,070 மீட்டர், அந்தத் தீவிலேயே உயர்ந்த சிகரம். அபூர்வமாக அங்கே பனி விழும்.

இங்கே முதலில் குடியேறியவர்கள் தப்பி ஓடிவந்த அடிமைகள். கீழே காப்பித் தோட்டங்களில் சாட்டையடிக்குப் பயந்து, ஆள் ஏற முடியாத இந்தப் பாறைகளுக்குள் ஒளிந்தார்கள். அவர்களை வேட்டையாடவும் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். தீவில் அடிமை முறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20இல்தான். அதற்குள் இங்கே வெந்நீர் ஊற்றுகள் இருப்பது தெரிந்திருந்தது. நிலமில்லாத ஏழை வெள்ளையர்கள் பிழைக்க ஏறி வந்தார்கள். பாதை வரும்வரை, ஊற்றில் குளிக்க வந்த நோயாளிகளை நாற்காலியில் வைத்துச் சுமந்தே ஏற்றினார்கள். சேன் லூயியிலிருந்து பிரிந்து தனி ஊராட்சியானது 1965இல்.

ஆலயம் 1930களில் கட்டியது, வெள்ளை நிறம், எங்கள் ஊர்ப் பேராலயத்தின் பிரம்மாண்டமோ தங்கத்தேரோ இல்லை. சொல்லப்போனால், கட்டடத்தைவிட வந்த வழிதான் என்னை முழங்காலில் விழ வைத்தது. ஒளிய வந்தவன், பிழைக்க வந்தவன், நோயோடு வந்தவன் எல்லாரும் ஏறிய மலை. மெழுகுவர்த்தி ஏற்றி, ஊரில் உள்ளவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டினேன். பாதியில் நிறுத்தி, பெயர் தெரியாத அந்த அடிமைகளுக்காகவும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன்.

மதியம் சோறும் பருப்பும். சிலாவோஸ் பருப்பு தீவு முழுக்கப் பேர்போனது. நம் மைசூர்ப் பருப்பின் தோலோடு கூடிய தம்பி மாதிரி, விலைதான் கொஞ்சம் அதிகம்.

போக நினைப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை தவிர்த்துவிடுங்கள், அது புயல் காலம். ஆகஸ்டில் மழை குறைவு, குளிர் உண்டு. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் தலைசுற்றுபவர்கள் காலையில் அதிகம் சாப்பிடாமல் ஏறுவது உத்தமம்.