சோதனைக்கு அடுத்த வரி

ஃபைல் சிஸ்டம் கோடில் சிதைவுச் சோதனை (டிஸ்க்கிலிருந்து வந்த தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் கோடு) ஒன்று ரிவ்யூவுக்கு வந்தால், எல்லோர் கண்ணும் 'இஃப்' நிபந்தனைக்குத்தான் போகும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். கோளாறு அடுத்த வரியில் இருக்கும்.

அடிக்கடி தென்படுவது இது: பிளாக்கைப் படிக்கிறோம், படிப்பு வெற்றி, எரர் மாறியில் 0, அதாவது பிழை இல்லை. பதிவுகளின் எண்ணிக்கை தப்பாக இருந்தால் 'கோடூ அவுட்' (goto out), அதாவது ஃபங்ஷனை விட்டு வெளியேறும் லேபிளுக்குத் தாவல். எரர் இன்னும் 0தான்! சிதைவைக் கண்டுபிடித்த ஃபங்ஷன் 'வெற்றி' என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறது. அழைத்தவர் நிரப்பப்படாத மதிப்பை எடுத்துக்கொண்டு மேலே போகிறார். ஆகவே ஒவ்வொரு 'கோடூ'வுக்கும் முன்னால் எரரில் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. பஃபரை விடுவிக்கும் லேபிளுக்குத்தான் தாவுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் இஐஓ (EIO, பொதுவான உள்ளீடு-வெளியீட்டுப் பிழை எண்) திருப்புவது சோம்பேறித்தனம். எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற ஃபைல் சிஸ்டத்தில் சிஆர்சி (தரவோடு சேர்த்து எழுதப்படும் சரிபார்ப்பு எண்) பொருந்தாவிட்டால் திருப்பும் பிழை எண் இபேட்எம்எஸ்ஜி (EBADMSG). மற்ற சிதைவுக்கு இயூகிளீன் (EUCLEAN), எக்ஸ்86 லினக்ஸில் 117. சிஆர்சி சரியாக இருந்தும் உள்ளடக்கம் தப்பு என்றால், டிஸ்க்கைவிட எழுதிய கோடையோ நினைவகத்தையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் அந்தத் துப்பு போய்விடும்.

சோதனை எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் எதையாவது மாற்றிய பிறகு டிரான்ஸாக்ஷனை (ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் மாற்றங்களின் தொகுப்பை) ரத்து செய்தால் ஃபைல் சிஸ்டமே ஷட்டவுன் ஆகும்; மாற்றுவதற்கு முன் ரத்து செய்தால் அந்த ஒரு செயல் மட்டும் தோற்கும். இஎக்ஸ்டி4 (ext4) என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் வேறு வலை. பிழையை அறிவிக்கும் ஃபங்ஷனை அழைத்தால் போதும் என்று நினைப்பார்கள். 'எரர்ஸ்=கன்டின்யூ' என்று மவுண்ட் செய்திருந்தால் அது பதிவு செய்துவிட்டுத் திரும்பி வந்துவிடும்; வெளியேறுவது நம் வேலை.

டிஸ்க்கிலிருந்து வந்த எண்ணை அசெர்ட்டால் (நிபந்தனை பொய்யானால் ஓட்டத்தை நிறுத்தும் டீபக் சோதனையால்) சோதிப்பது காவல் அல்ல. டீபக் இல்லாத பில்டில் அது காணாமல் போகும். தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டி எல்லையோடு ஒப்பிட்டால், கூட்டல் மாறியின் கொள்ளளவைத் தாண்டி, சுற்றி வந்து சின்ன எண்ணாகிவிடலாம். முதலில் தொடக்கம் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு எல்லையிலிருந்து அதைக் கழித்து நீளத்தோடு ஒப்பிட வேண்டும். டைரக்டரிப் பதிவின் நீளம் 0 என்றால், அந்த நீளத்தைக் கூட்டி அடுத்த பதிவுக்குப் போகும் லூப் நகரவே நகராது.

டெஸ்ட்டும் ஏமாற்றும். பைட்டுகளைக் கண்டபடி கெடுத்தால் சிஆர்சி வாசலிலேயே தடுத்துவிடும். புதிதாக எழுதிய சோதனை ஒருமுறைகூட ஓடியிருக்காது. புலத்தைக் கெடுத்த பிறகு சிஆர்சியைத் திரும்பக் கணக்கிட்டு எழுதினால்தான் அந்த வரிக்கே போய்ச் சேரும்.