11 நாளும் 16 டப்பா சாம்பாரும்

2024 மார்ச்சில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு, ஊறவைக்காத கொண்டைக்கடலை. வலியே இல்லை. மாதவிடாய் முடிந்தால் கரைந்துவிடும் என்று 10 நாள் பார்த்தேன். கரையவில்லை.

நாங்கள் இருப்பது லண்டனில், இல்ஃபர்ட் பக்கம். காலை 8 மணிக்கு ஜி.பி.க்கு, அதாவது இங்கே எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டிய பொது மருத்துவரின் கிளினிக்குக்கு, போன் போட்டு 17-வது ஆளாகக் காத்திருந்தேன். எதற்காக என்று ரிசப்ஷனில் கேட்டபோது மகன் பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான், அதனால் "ஒரு பெண்கள் விஷயம்" என்று முனகிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மீதியைச் சொன்னேன். அன்று மதியமே டாக்டர் பார்த்தார், நாலு நிமிஷம் அழுத்திப் பார்த்துவிட்டு "அவசரப் பரிந்துரை அனுப்புகிறேன், கவலைப்படாதீர்கள்" என்றார். அவசரம், கவலைப்படாதே, இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் மனசு எதைப் பிடித்துக்கொள்ளும்? சாயங்காலம் என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) ஆப்பில் வந்த கடிதத்தில் 'சஸ்பெக்டட் கேன்சர்', புற்றுநோய்ச் சந்தேகம், என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். மார்பக கிளினிக்குக்கு வரச் சொன்ன தேதி 11 நாள் தள்ளி.

அப்போது எனக்கு 43 வயது. 30 வயதைத் தாண்டியவர்களுக்குக் காரணம் தெரியாத கட்டி இருந்தாலே, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வரிசையில்தான் போட வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல். அதாவது அவசரம் என்பது வரிசையின் பெயர், என் கட்டியின் பெயர் இல்லை. முன்பு இரண்டு வாரத்துக்குள் பார்க்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள், 2023 அக்டோபரில் அதை எடுத்துவிட்டு, 28 நாளுக்குள் புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்று மாற்றினார்கள். இப்படி அனுப்பப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் புற்றுநோய் இருப்பதில்லை. எல்லாம் பகலில் நன்றாகத்தான் புரிந்தது. ராத்திரி 2 மணிக்கு அந்த ஒன்பது பேரும் எங்கே போய்விடுகிறார்களோ தெரியவில்லை, மீதி ஒரு ஆள்தான் கட்டில் ஓரத்தில் வந்து உட்காருகிறாள்.

நான் செய்தது சமையல். எனக்கு ஆபரேஷன் என்றால் கணவரும் மகனும் என்ன சாப்பிடுவார்கள் என்ற ஒரே யோசனையில், ஆபீஸ் விட்டு வந்ததும் சாம்பார் வைத்து ஆறவைத்து டப்பாவில் ஊற்றி ஃப்ரீசருக்குள் அடுக்கினேன். 16 டப்பா. புளிக்குழம்பு தனி. அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஈஸ்ட் ஹாம் போய் டப்பா வாங்கி வந்தார். போனைச் சமையலறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் பழகியதும் உதவியது, கூகுளில் தேடுவதற்குக் குளிரில் மாடிப்படி இறங்கி வர வேண்டுமே என்று பாதி நாள் விட்டுவிட்டேன். இன்னொன்று, பிரெஸ்ட் கேன்சர் நவ் அமைப்பின் ஹெல்ப்லைனில் ஒரு நர்ஸ் கிளினிக்கில் அன்று என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னார். ஆறுதல் வார்த்தைகளைவிட அந்த வரிசைதான் எனக்கு வேண்டியிருந்தது.

மாட்டிக்கொண்ட இடம் வேறு. கிளினிக்கிலிருந்து வந்த படிவத்தில், குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்ததா, எந்த வயதில் என்று கேட்டிருந்தார்கள். பெரியம்மா 52 வயதில் போனார். எதனால்? "உடம்பு முடியாம". அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள், சொன்னால் அவளுக்கு பி.பி. ஏறும். சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல் "பெரியம்மாவுக்கு என்னம்மா வந்துச்சு?" என்றேன். "அதெல்லாம் இப்ப எதுக்குடி" என்று வத்தல் காயப்போட்ட கதைக்குத் தாவிவிட்டாள். படிவத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். நல்ல படிப்பு படித்து 43 வயசில் இதை எழுத வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த மாதிரி கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு: மேலே தனி, கீழே தனியாக உடை போட்டுக்கொண்டு போங்கள், சுடிதார் டாப்பும் பேன்டும் சரியாக இருக்கும். அன்று டியோடரன்ட், பவுடர் வேண்டாம், மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், புள்ளியாகத் தெரியுமாம். சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள், நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த, படம் எடுக்கும் பெண் "பரவாயில்லை, முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார், ஏற்கெனவே நிறைய பேரைப் பார்த்திருப்பார் போல. தட்டுகளுக்கு நடுவே அழுத்துவது வலிக்கும், ஆனால் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் ஸ்கேன். ஸ்கேன் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் பேசாமல் இருந்த அந்த ஒரு நிமிஷத்துக்கு எந்த நர்ஸும் என்னைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை. நீர்க்கட்டி இல்லை, கெட்டியானது, ஓரங்கள் மழமழவென்று இருக்கின்றன, இருந்தாலும் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்போம் என்றார். மரத்துப்போக ஊசி போட்டார்கள், பிறகு ஸ்டேப்ளர் மாதிரி 'டக்' என்று மூன்று தடவை. சத்தத்துக்குத்தான் துள்ளினேன், வலி வீட்டுக்கு வந்த பிறகுதான். இரண்டு நாள் கனமாக எதையும் தூக்காதே என்றார்கள், அதோடு சாம்பார் உற்பத்தி நின்றது.

முடிவுக்கு இன்னும் 8 நாள். உண்மையைச் சொன்னால் இந்த எட்டுதான் மோசம். முதல் பதினொன்றில் எதுவும் இல்லாமலும் இருக்கலாம் என்ற இடம் இருந்தது, இப்போது எங்கேயோ ஒரு கண்ணாடித் தகட்டில் பதில் இருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. அந்த வாரம் யாராவது "பாசிட்டிவா இரு" என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மார்பக நர்ஸ் போன் செய்தபோது ஆபீஸ் மாடிப்படியில் நின்றிருந்தேன். ஃபைப்ரோஅடினோமா, சாதாரணக் கட்டி, எடுக்க வேண்டியதில்லை, பெரிதானாலோ மாறினாலோ வாருங்கள் என்றார். சந்தோஷம் உடனே வரவில்லை, கால்தான் நடுங்கியது. அன்று ராத்திரி சாம்பாரில் ஒரு டப்பா எடுத்துச் சுடவைத்தோம். மே மாதம் வரைக்கும் அதையே சாப்பிட்டோம், மகன் இன்னும் திட்டுகிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, "அவளுக்கும் அங்கதான். புண்ணாப் போற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை" என்றாள். "ஆனா கோயம்புத்தூர்ல அவ பொண்ணுகிட்ட சொல்லிடாதே, அவ அம்மாவுக்கு வயித்துல கட்டின்னுதான் அவகிட்ட சொல்லி வெச்சிருக்கோம்."

ஜி.பி.யிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னேன், ஒரே ஒரு பெரியம்மா, அதுவும் அந்த வயதில் என்றால் இப்போதைக்குத் தனியாக எதுவும் தேவையில்லை என்றார். ஆனால் அந்த அக்காவுக்கு அது சொந்த அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு போன் போட்டு, சுற்றி வளைத்து, எச்சில் விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்டி" என்றாள் அக்கா. "கடைசி மூணு மாசம் கட்டு மாத்தினது நான்தானே. வருஷா வருஷம் போய்ப் படம் எடுத்துட்டுத்தான் வர்றேன். சித்திகிட்ட சொல்லிக்காதே, பாவம், பயந்துடுவா."