சுகர் இல்லாதவருக்கு எதற்கு இன்சுலின்?

இதய அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் நான். மறுநாள் ஐசியூவுக்குள் வரும் மகனோ மகளோ சிரிஞ்ச் பம்பில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு, "அப்பாவுக்கு சுகரே கிடையாதே, எதுக்கு சார் இன்சுலின்?" என்று கேட்பது வழக்கம். "ஆபரேஷன் அதிர்ச்சியில் யாருக்கும் சுகர் ஏறும்மா" என்பேன். அது உண்மைதான், ஆனால் பாதிக் கதை.

மீதிக் கதை இதயத்தசையைப் பற்றியது. சாதாரண நாட்களில் இதயம் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களை எரித்தே ஓடுகிறது. ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தால் குளுக்கோஸ்தான் சிக்கனம்: அதே ஆக்சிஜனுக்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி கிடைக்கும். மகாதமனியில் கிளாம்ப் போட்டு இதயத்தை நிறுத்தி, மறுபடி ரத்தம் விடும்போது நடப்பதோ நேர்மாறு. ரத்தம் உறையாமலிருக்க நாங்கள் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தே ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களை ஏற்றிவிடும். இன்சுலின் அதை அடக்கி, குளுக்கோஸையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளும். மெக்சிகோவின் டாக்டர் சோடி பல்லாரஸ் 1962இல் மாரடைப்புக்கு இந்த மூன்றையும் கலந்து ஏற்றியதன் அடிப்படை ஏறக்குறைய இதுதான். ஜிஐகே என்பது அந்த குளுக்கோஸ்-இன்சுலின்-பொட்டாசியம் கலவைதான்.

கேட்க அவ்வளவு அழகான யோசனை, சோதனையில் சறுக்கியது. டொராண்டோவில் இதயத்தை நிறுத்தும் கார்டியோப்ளீஜியா திரவத்திலேயே இன்சுலினைக் கலந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள்; 2002இல் வந்த முடிவு, வித்தியாசம் இல்லை. 2005இல் இருபதாயிரம் மாரடைப்பு நோயாளிகளிடமும் ஜிஐகே இறப்பைக் குறைக்கவில்லை.

சரி, மூட்டை கட்டிவிடலாமா? நான் கட்டவில்லை. காரணம் 2011இல் பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஆய்வு. இதயத்திலிருந்து மகாதமனிக்குள் ரத்தம் போகும் அயோர்டிக் வால்வு சுருங்கி, இடது கீழறைச் சுவர் தடித்துப்போன 217 பேர். அவர்களில் ஜிஐகே ஏற்றப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பின் இதயம் தளர்ந்துபோவது குறைந்தது. தடித்த சுவருக்கு உள்வரை ரத்தம் எட்டுவதே பாடு. அங்கே சிக்கனமான எரிபொருள் எடுபடுவதில் எனக்கு ஆச்சரியமில்லை. எல்லா பைபாஸுக்கும் வேண்டாம், இப்படிப்பட்ட வால்வு கேஸுக்கு யோசிக்கலாம் என்பது என் கட்சி. எங்கள் சர்ஜன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சுகர் அளவிலும் இதே இழுபறிதான். 2001இல் பெல்ஜியத்தின் லூவென் ஆய்வு 80–110க்குள் இறுக்கிப் பிடித்து ஐசியூ இறப்பை 8இலிருந்து 4.6 சதவீதமாக்கியது. 2009இல் ஆறாயிரம் பேரிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வில் இறுக்கிப் பிடித்த பக்கம்தான் இறப்பு அதிகம். இப்போது 180ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம்.

அப்புறம் பொட்டாசியம். இன்சுலின் அதைச் செல்லுக்குள் இழுக்க இழுக்க ரத்தத்தில் குறையும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். ஜிஐகே மாட்டிய இரவில் மணிக்கொரு தரம் ரத்தம் எடுக்கச் சொல்வேன். நைட் டியூட்டி நர்ஸ்களுக்கு என்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது.