இல்லை என்று சொன்னேன்

அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு நான் "இல்லை" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கப் போய்விட்டார். மொத்தமே அரை நிமிடம் இருக்காது. ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது, அந்த "இல்லை" இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு வார இறுதிகளில் நியூ ஜெர்சி கடலோரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, காபி உண்டு. விளக்கிச் சொல்ல என் பங்குக்கு வந்தது ரெக்-மாஸ்டர்கள், அதாவது உடைந்த கப்பல்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க் போகும் கப்பல்கள் வடகிழக்குப் புயலில் சிக்கி இந்தக் கரையின் மணல்திட்டுகளில் மோதிக்கொண்டே இருந்தன. கப்பல் தரைதட்டினால் ஆள் திரட்டுவது, சரக்கைக் கரைசேர்ப்பது, காவல் வைப்பது, பட்டியல் எழுதுவது, உரிமையாளரோ இன்ஷூரன்ஸ் ஏஜெண்டோ வரும்வரை பொறுப்பாக இருப்பது, எடுக்க ஆளில்லாததை ஏலம் விடுவது எல்லாம் மாநிலம் நியமித்த ரெக்-மாஸ்டரின் வேலை. கூலி மீட்ட சரக்கிலிருந்து வரும். ஆட்களை மீட்டால்? அன்றைய கடல் சட்டத்தில் சரக்கை மீட்டவனுக்குப் பங்கு உண்டு, உயிரை மட்டும் மீட்டவனுக்கு ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும் பார்வையாளர்கள் முகத்தில் ஒரு சுளிப்பு வரும். அந்தச் சுளிப்பிலிருந்துதான் நான் ஆரம்பிப்பேன்.

முதலில் நல்ல கதை. 1850 ஜனவரியில் இதே கரையில் ஸ்க்வான் பீச் அருகே 'அயர்ஷயர்' என்ற கப்பல் பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. படகு இறக்க முடியாத அலை. ரெக்-மாஸ்டர் ஜான் மாக்சன் சின்ன பீரங்கி ஒன்றில் கயிறு கட்டிய குண்டை வைத்துச் சுட்டார். கயிறு கப்பலின் மேல் போய் விழுந்தது. அதில் கட்டி இழுத்த இரும்புப் பெட்டியில், மூடி போட்ட முட்டை மாதிரி இருக்கும், சிலர் சிலராக அடைத்துக் கரைக்கு இழுத்தார்கள். 202 பேரில் 201 பேர் பிழைத்தார்கள். உள்ளே இடமில்லை என்று பெட்டியின் வெளியே தொற்றிக்கொண்டு வந்த ஒருவர் மட்டும் போய்விட்டார். அந்தப் பெட்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் 'பவ்ஹாட்டன்'. 1854 ஏப்ரல். பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் குடியேறிகளை ஏற்றி வந்த கப்பல். லாங் பீச் தீவுக்கு எதிரே மணல்திட்டில் மோதியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தை குட்டிகளோடு. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கரையில் நின்று பார்த்தவர் அந்தப் பகுதியின் ரெக்-மாஸ்டர். பீரங்கியும் கயிறும் சில மைல் தள்ளிப் பூட்டிய கொட்டகையில் இருந்தன. அரசாங்கம் கொட்டகையைக் கட்டிக் கொடுத்ததே தவிர, அதில் இருக்க ஆள் போடவில்லை. கரையில் ஒதுங்குகிறவர்களையாவது காப்பாற்றப் பாருங்கள் என்று கப்பல் தலைவன் ஊதுகுழலில் கத்தினானாம். அந்தி மயங்கும்போது கப்பல் உடைந்தது. சடலங்கள் பல மைல் தூரத்துக்கு ஒதுங்கின. அவற்றில் பல மனஹாக்கின் என்ற ஊரில் ஒரே குழியில் புதைக்கப்பட்டன. 'கடலிலிருந்து வந்த முகமறியாதவர்கள்' என்ற பொருளில் அங்கே ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

இதற்குப் பிறகு வருவது கரையோரம் வாய்வழியாக வந்த கதை. குடியேறிகள் சேமிப்பை இடுப்பில் பணப்பட்டியாகக் கட்டிக்கொண்டு வருவது வழக்கம். ஒதுங்கிய சடலங்களில் ஒன்றிலும் பட்டி இல்லையாம். பிறகு ஒரு நாள் யாரோ ஒரு பழைய மரத்தூரின் அடியில், வெட்டிக் காலியாக்கிய பட்டிகளைக் கண்டெடுத்தார்களாம். இந்த இடத்தில் நான் நிறுத்துவேன். எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். "எங்கள் ஊரில் ஒன்று சொல்வார்கள், தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று" என முடிப்பேன். ஆங்கிலத்தில் சொன்னாலும் அது வேலை செய்யும். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன், வேறு காரணம் தேடினால் பொய்.

அன்றைக்கும் சிரித்தார்கள். ஒருவரைத் தவிர. எண்பதுக்கு மேல் இருக்கும், ஊன்றுகோல்.

"பட்டி இல்லை என்று யார் பார்த்தது?" என்றார்.

"ஊரில் அப்படிச் சொல்கிறார்கள்."

"முதலில் கரையில் இருந்தது அவர் ஒருவர்தானே?"

"ஆமாம். அதனால்தானே சந்தேகமே வந்தது."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "பார்க்க யாரும் இல்லாத இடத்தில், மற்றவர் பொருளோடு தனியாக நின்றிருக்கிறீர்களா?"

"இல்லை" என்றேன்.

நான் பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸில் சேத மதிப்பீடு செய்தவன். அதுதான் என் வேலையே. 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் அடித்து, மான்டலோக்கிங்கில் கடல் ஊரை அறுத்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போனபோது, மாதக்கணக்கில் யாரும் இல்லாத வீடுகளுக்குள் தனியாகப் போய்ப் பட்டியல் எழுதினேன். ஊறிய மெத்தை, கவிழ்ந்த ஃபிரிட்ஜ், பூசணம் ஏறிய சுவர். எங்களுக்குக் கூலி கிளெய்ம் தொகையைப் பொறுத்தது. தொகை ஏறினால் கூலியும் ஏறும். ரெக்-மாஸ்டருக்கும் எனக்கும் நூற்றைம்பது வருஷம் வித்தியாசம், கணக்கு ஒன்றுதான். இதைப் பார்வையாளர்களிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஒரு வீட்டில், படுக்கையறை அலமாரியில் பழைய நாணயங்கள் வைத்த தகர டப்பா இருந்ததாக வீட்டுக்காரர் பிறகு சொன்னார். என் பட்டியலில் டப்பா இல்லை. படத்திலும் இல்லை, ஏனென்றால் அந்த அறையை நான் படமே எடுக்கவில்லை. தரை இறங்கியிருந்தது, வாசலில் நின்று பார்த்துவிட்டு, ராத்திரி மோட்டலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினேன். அன்றைக்கு அது நாலாவது வீடு. நான் எடுக்கவில்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் எடுத்தவன் எழுதுவது போலவே இருக்கிறது.

விசாரணை என்று பெரிதாக எதுவும் இல்லை. மேலாளர் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார், கடைசியில் ஏதோ ஒரு தொகை கொடுத்து முடித்தார்கள். நான் எடுத்தேன் என்று யாரும் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் எனக்கு வந்த வீடுகள் குறைந்தன. அது தற்செயலாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் அனுபவித்தவன் ஏன் அந்த ரெக்-மாஸ்டரை ஒவ்வொரு சனிக்கிழமையும் பழமொழியால் தூக்கிலிட்டேன்? ஒரு சமாதானம் உண்டு: அது நாட்டுப்புறக் கதை, 'சொல்வார்கள்' என்று சேர்த்துத்தான் சொல்வேன். ஆனால் 'சொல்வார்கள்' என்ற சொல் எவ்வளவு கனம் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? என் பெயரையும் அலுவலகத்தில் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

எனக்குச் சாதகமான எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திருட்டு நடக்காமல் இல்லை. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் மீட்புத் தொழிலுக்கு நீதிபதி லைசென்ஸ் கொடுத்தார். 1847 சட்டப்படி, சேதக் கப்பல் விஷயத்தில் முன்பு மோசடி செய்தவனுக்கு அது கிடையாது. சரக்கில் கைவைத்தவனுக்குக் கூலிப் பங்கு போய்விடும். காரணம் இல்லாமல் இப்படியெல்லாம் எழுதி வைப்பார்களா? அங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது, கப்பலும் சரக்கும் அதன் கண்முன் வந்தன. இந்தப் பக்கம் ஜெர்சி மணலில், பனியில், ஒரு மனிதனும் அவன் நோட்டுப் புத்தகமும்தான்.

ஆனால் இந்தக் கரையிலேயே 1846ல் 'ஜான் மின்டர்ன்' என்ற கப்பல் உடைந்தபோது நியூயார்க் பத்திரிகைகள் உள்ளூர்க்காரர்களைக் கடற்கொள்ளையர் என்று எழுதின. சாகிறவர்களுக்கு உதவவில்லை, சடலத்தைக் கொடுக்கக் காசு கேட்டார்கள் என்றெல்லாம். மாநிலம் குழு அமைத்து விசாரித்தது. குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் நிற்கவில்லை. அந்தக் குழுவின் முடிவை இன்றைக்கு எத்தனை பேர் அறிவார்கள்? கொள்ளையர் கதை மட்டும் டீ-ஷர்ட்டில் அச்சாகி விற்கிறது, எங்கள் கடையிலேயே.

'பவ்ஹாட்டன்' முழுகிய அதே வருஷம் டிசம்பரில் அரசாங்கம் கொட்டகைகளுக்குக் காவலர் போட்டது, வருஷத்துக்கு 200 டாலர் சம்பளம். அதாவது அன்று கொட்டகையில் ஆளில்லாமல் போனது யார் குற்றம் என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது கொட்டகைப் பூட்டை அல்ல, இடுப்புப் பட்டியை. கோபப்பட ஒரு முகம் வேண்டும், கரையில் இருந்தது ஒரே முகம். இப்படி யோசித்தால் அவர் நிரபராதி போலத் தோன்றுகிறது. இன்னொரு நாள் யோசித்தால், எனக்கு வேண்டியது அவருடைய விடுதலை அல்ல, என்னுடையது என்று தோன்றுகிறது. அவர் எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை என்பதால் அவரும் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது.

அந்தப் பழமொழியை முதலில் என் அப்பா வாயில்தான் கேட்டேன். ரேஷன் கடைக்காரர் அரைப்படி குறைத்தபோது, கோபமில்லாமல், ஒரு வகைப் பரிவோடு சொன்னார். மனிதன் அப்படித்தான், போகட்டும் என்ற தொனி. நான் அதை எடுத்துவந்து இங்கே தீர்ப்பாக மாற்றிவிட்டேன்.

பெரியவரிடம் ஏன் "இல்லை" என்றேன் என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. "ஆமாம்" என்றால் அடுத்த கேள்வி வந்திருக்கும். வந்திருந்தால் டப்பாவைப் பற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள், ஒரு பையன் ஐஸ்கிரீம் கேட்டு அழுதுகொண்டிருந்தான், அதுவும் ஒரு காரணம்தான்.

இப்போது பழமொழியை விட்டுவிட்டேன். பட்டிக் கதையைச் சில நாள் சொல்கிறேன், சில நாள் 'அயர்ஷயரோடு' நிறுத்திக்கொள்கிறேன்.

மாலையில் நன்கொடைப் பெட்டியைத் திறந்து எண்ணுவதும் என் வேலை. எண்ணி, சீட்டில் தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டு உறையில் வைக்க வேண்டும். கொஞ்ச நாளாக, எண்ணும்போது டிக்கெட் மேசை அம்மாளைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறேன். அவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். போன வாரம் சலித்துப்போய், "ஏன், உங்களை யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.