நாயனத்துக்கு நடுவுல வெடி

நாகப்பட்டினம் பெரியப்பாவைப் பத்தி இனிமே எழுதமாட்டேன்னு போன பொங்கலுக்குத்தான் பெரியம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். நேத்து நடந்த கூத்துக்கு அப்புறம் பெரியம்மாவே "எழுதுடா, நாலு பேரு சிரிக்கட்டும்"னுட்டாங்க. அதனால சத்தியம் ரத்து.

சித்தப்பா மகன் கல்யாணம். பொண்ணு வீடு திருவாரூர். ஜாதகம் பார்த்தப்பவே ரெண்டு பொருத்தம் இடிக்குதேன்னு ஜோசியர் இழுத்தார். பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணு எந்த ஊரு?" திருவாரூர்னு காதுல விழுந்ததும் தட்டை மாத்துங்கன்னுட்டார். தில்லானா மோகனாம்பாள் படத்துல நாயனம் வாசிக்கிற சிவாஜி பேரு சிக்கல் சண்முகசுந்தரம், அவருக்கு ஜோடி திருவாரூர் மோகனாம்பாள். நம்ம வீட்டுலேர்ந்து சிக்கல் கூப்பிடு தூரம். இதுக்கு மேல என்ன பொருத்தம்? "படம் முழுக்க அவங்க சண்டைதானே போட்டுக்கிறாங்க"ன்னு மாப்பிள்ளைப் பையன் முனகினான். "கடைசியில கல்யாணம் ஆச்சா இல்லையா?" அவ்வளவுதான், முகூர்த்தத்துக்கு நாள் குறிச்சாச்சு.

தில்லானா மோகனாம்பாள் 1968ல வந்தப்ப பெரியப்பாவுக்கு 14 வயசு. டூரிங் கொட்டகை, தரை டிக்கெட், முன்னாடி இருக்கிறவன் தலை மறைக்காம இருக்க மணலைக் குமிச்சு அதுமேல உட்காரணும். எத்தனை தடவை பார்த்தார்ங்கிற கணக்கு மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கிட்டே வருது. நான் பத்தாவது படிக்கிறப்ப 18. இப்ப 41. கொட்டகை இருந்த இடத்துல செல்போன் டவர் நிக்குது, தடவை இன்னும் கூடுது.

இது பரம்பரை வியாதி. தாத்தாவுக்குச் சொந்தக் குரல்ல பாடி நடிச்ச எம்.கே.தியாகராஜ பாகவதர். மாயவரத்துல பொறந்தவர்ங்கிறதால அவரு என்னமோ நம்ம குடும்பச் சொத்துங்கிற நினைப்பு. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்துச்சுன்னு, தானே பக்கத்துல நின்னு ரீலைச் சுத்தின மாதிரி சொல்வார். அந்த மூணு தீபாவளியிலயும் அவர் மெட்ராஸ் பக்கமே போனதில்ல. பெரியப்பா சிவாஜின்னு வாயைத் திறந்தா, "எல்லாம் சரி, அவன் சொந்தக் குரல்ல பாடுவானா?"ம்பார். இதுக்குப் பெரியப்பாகிட்ட பதில் கிடையாது. ஒருநாள் ரோஷத்துல, "பாடமாட்டாரு, நாயனமே வாசிப்பாரு"ன்னு ஒரு போடு போட்டிருக்கார். தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு. பெரியப்பா அந்த வாக்குமூலத்தை இன்னும் வாபஸ் வாங்கல. வீட்டுல யாரும் மறுத்துப் பேசுறதும் இல்ல. யாருக்கு வேணும் வம்பு?

மண்டபத்துல நாயனம் வாசிக்க வந்த பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். குறுந்தாடி, கையில ஸ்மார்ட் வாட்ச். பெரியப்பா மேடை ஏறி, பொண்ணு பார்க்கிற மாதிரி நாயனத்தைப் பார்த்தார்.

"நரசிங்கம்பேட்டை உருப்படிதானே?"

"ஆமாங்கய்யா."

"ஆச்சா மரமா?"

"பழைய வீடு இடிச்சதுல எடுத்த உத்தரக் கட்டைங்கய்யா. நூறு வருஷமாவது இருக்கும்."

பெரியப்பா மொகத்துல திருப்தி. அதோட இறங்கியிருக்கலாம். "சிவாஜி வாசிச்சாரே, அந்த மாதிரி ஊதணும் தம்பி"ன்னார். பையன் சீவாளியை நாக்குல நனைச்சுக்கிட்டே, ரொம்ப மரியாதையா, "அது மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி அண்ணன் தம்பிங்க வாசிச்சதுங்கய்யா"ன்னான்.

எங்களுக்கு மூச்சே நின்னுபோச்சு. எங்க வீட்டுல மூணு தலைமுறை முழுங்கி வச்சிருந்த வாக்கியம் அது.

"அப்ப கன்னம் உப்புச்சே? கழுத்து நரம்பு புடைச்சுதே?"

பையன் சண்டைக்கு வரல. கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னான்: "உப்புச்சுங்கய்யா. மூச்சும் எடுக்க வேண்டிய இடத்துலதான் எடுப்பாரு. எங்க தாத்தா எனக்கு அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, பாட்டைக் கேக்காதடா, விரலைப் பாருடாம்பாரு. வாசிக்காதவரைப் பார்த்துத்தான் நான் வாசிக்கக் கத்துக்கிட்டேன்."

பெரியப்பா எதுவும் சொல்லாம இறங்கி வந்து முன்வரிசையில உட்கார்ந்தார். அந்தப் பத்து நிமிஷம்தான் கல்யாணத்துல அமைதி. பையன் என்னமா வாசிச்சான் தெரியுமா? போட்டோக்காரரே ஒருதரம் கேமராவைக் கீழ இறக்கினார்.

பொண்ணை அழைச்சிட்டு வர்றப்ப நம்ம பசங்க பார்ட்டி பாப்பரைத் திருகிவிட்டானுங்க. டொப்! மேடை முழுக்க ஜிகினாப் பேப்பர். நாயனப் பையன் கண்ணைக்கூட சிமிட்டல, இதெல்லாம் தினம் பார்க்கிறவன். எழுந்தது பெரியப்பா.

"தம்பி, நிறுத்து! எழுந்திரு! நாயனத்துக்கு நடுவுல வெடியா? அழகர் கோயில்ல சண்முகசுந்தரம் எழுந்து போனாரா இல்லையா? நீயும் எழுந்து போ!"

பையன் வாயிலேர்ந்து நாயனத்தை எடுத்தான். "அவருக்குச் சம்பளம் டைரக்டர் ஏ.பி.நாகராஜன் கொடுத்திருப்பாருங்கய்யா. எனக்கு பாக்கி நாலாயிரம் உங்க தம்பிகிட்ட நிக்குது."

பெரியப்பாவுக்கு வந்த கோவத்துல ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினார். அங்கதான் தப்பு நடந்துச்சு. கல்யாண வீட்டுல, அதுவும் முன்வரிசையில ஒரு பெரியவர் விரலை ஆட்டினா அதுக்கு ஒரே அர்த்தம்தான். தவில்காரர் கெட்டிமேளத்தைப் போட்டுட்டார். பாதி மண்டபம் அட்சதையைத் தூவிருச்சு. மாப்பிள்ளை கையில தாலியே வரல. தாலி இன்னும் தட்டுல நாலாவது வரிசைப் பாட்டிகிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்கிட்டு நின்னுச்சு. நிஜமா தாலி கட்டுறப்ப தூவ அட்சதை இல்லாம, எங்க அத்தை சமையல்கட்டுக்கு ஓடி அரிசி அள்ளிட்டு வந்தாங்க. அது இட்லி அரிசின்னு சாயங்காலம்தான் தெரிஞ்சுது.

பெரியப்பா பசங்ககிட்ட மிச்சம் இருந்த ரெண்டு பாப்பரையும் புடுங்கி மஞ்சப்பையில போட்டுக்கிட்டார். பறிமுதல்.

சாப்பாடு முடிஞ்சு வேன்ல திரும்பினோம். பெரியப்பாவைச் சமாதானம் பண்ண நான்தான் டிரைவர்கிட்ட பென் டிரைவைக் கொடுத்து அந்தப் படத்து நாயனத்தைப் போடச் சொன்னேன். கீவளூர் தாண்டுறவரைக்கும் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு வந்தார். வழக்கமா சிக்கல் வந்ததும், "இந்தத் தெருவுலதான் சண்முகசுந்தரம் வீடு"ன்னு கையை நீட்டுவார். அவர் கொத்தமங்கலம் சுப்பு விகடன்ல எழுதின கதையில வர்ற ஆளுன்னு சொன்னா, "கதைன்னா வீடு இருக்காதா?"ம்பார். நேத்து கை நீளல. "சேதுராமன், பொன்னுச்சாமி"ன்னு தனக்குத்தானே ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கிட்டார்.

அப்புறம் மஞ்சப்பையைத் திறந்தார். "இதுல மருந்தை எங்கடா அடைக்கிறான்?"னு ஒரு பாப்பரை எடுத்து உருட்டிப் பார்த்தார். மருந்து இல்ல பெரியப்பா, உள்ள காத்தை அடைச்சிருக்கான்னு நான் சொல்லி முடிக்கல. அடியைத் திருகிட்டார்.

மூடின வேன். பதினாலு பேர். டொப்!

டிரைவர் டயர் வெடிச்சிருச்சுன்னு நினைச்சு ஒரே மிதி. வண்டி ஓரங்கட்டி நின்னுச்சு, பாட்டை நிறுத்திட்டுக் கீழ குதிச்சு நாலு சக்கரத்தையும் சுத்திப் பார்க்கிறார். நாங்க கண்ணு காது மூக்குலேர்ந்து பேப்பரை எடுத்துக்கிட்டு இருக்கோம். பெரியப்பா வழுக்கையில ஒரு தங்கக் கலர் ஜிகினா, சரியா நடு நெத்தி உசரத்துக்கு, மணிமகுடம் மாதிரி. வெளியில பார்த்தா சிங்காரவேலர் கோயில் கோபுரம்.

ரொம்ப நேரம் யாரும் பேசல. அப்புறம் பெரியம்மா மெதுவா கேட்டாங்க: "நாயனத்துக்கு நடுவுல வெடி போட்டாச்சு. இப்ப யாரு எழுந்து போறது? நானா, நீங்களா?"

பெரியப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். தோள் மட்டும் குலுங்குது. அழுவுறாரோன்னு எட்டிப் பார்த்தேன், மனுஷன் சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்கார்.

டிரைவர் வந்து உட்கார்ந்து, வண்டி கழுவ முந்நூறு ரூபா தனியா ஆவும்னார். பென் டிரைவை மறுபடி தட்டினார். "விட்ட இடத்துலேர்ந்து வராதுங்க. முதல்லேர்ந்துதான் பாடும்."

"பாடட்டும்"னார் பெரியப்பா. "42."