சபானாக நடித்தவன்

சரித்திர சேர் மௌத்தான செய்தியை நான் பார்த்தபோது ஊரில் அடக்கமும் முடிந்திருந்தது. லண்டனில் இரவு வேலைக்காரனுக்கு எந்தச் செய்தியும் நேரத்துக்கு வராது. பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் அழைத்து, சேரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார்கள். ஏன் நான்தான் என்று எங்கள் வகுப்பார் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பாடசாலைக் கலை விழாவின் சரதியல் நாடகத்தில் பொலிஸ்காரர் சபானாக நடித்தவன் நான்தான்.

கொள்ளைக்காரன் சரதியல் பதுங்கியிருந்த உதுவன்கந்தை மலையைப் பார்த்தபடி பாடம் படித்த நமக்கு அவனை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கொழும்பு - கண்டி வீதியில் பணக்காரர்களை மறித்துக் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன். இந்தக் கடைசிப் பகுதிக்கு என்ன ஆதாரம் என்று சேர் கேட்டால் வகுப்பே முறைக்கும். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் அவனைச் சுற்றிவளைத்தபோது, அவனுடைய கூட்டாளி மம்மலி மரிக்கார் சுட்டதில் கொன்ஸ்டபிள் துவான் சபான் இறந்தார். மே 7ஆம் திகதி சரதியலும் மம்மலியும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். நாட்டில் கடமையின்போது கொல்லப்பட்ட முதல் பொலிஸ்காரர் சபான். பொலிஸ் திணைக்களம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவதோ 1866 செப்டம்பர் 3. "திணைக்களம் பொறக்க முன்னமே அதுக்காக மௌத்தான மனுசன்டா" என்பார் சேர். சபான் ஒரு மலாய்க்காரர், மம்மலியைப் போலவே முஸ்லிம். "சுட்டவனும் நம்மாள், விழுந்தவரும் நம்மாள். இப்ப யாருக்குக் கை தட்டப் போறீங்க?"

கை தட்டல் சரதியலுக்குத்தான். அந்த வேஷத்துக்கு அடிதடி நடந்தது. மம்மலிக்கும் போட்டி, துவக்கு கிடைக்குமே! சபானாக ஒருவரும் வரவில்லை. சேர் வருகைப் பதிவேட்டைத் திறந்து என் பெயரில் விரலை வைத்தார். சாரணர் காக்கிச் சட்டை, இரண்டே வரி வசனம், டுமீல், விழ வேண்டியதுதான். இரத்தத்துக்குச் சிவப்புச் சர்பத்தை யாரோ தாராளமாக ஊற்றிவிட்டார்கள். நான் மேடையில் செத்துக் கிடக்க, சரதியல் நீளமாக வசனம் பேச, பலகை இடுக்கிலிருந்து எறும்புகள் வரிசையாகக் கழுத்தில் ஏறின. எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? சொறிந்தேன். மண்டபம் அதிர்ந்தது. பிரதம விருந்தினராக வந்திருந்த பொலிஸ் அதிகாரியே தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சேர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். மறுநாளிலிருந்து தவணை முடியும்வரை, பாடம் தொடங்குமுன் நான் எழுந்துபோய்க் கரும்பலகையின் மூலையில் 1864.03.21 என்று எழுத வேண்டும். பின்வரிசையிலிருந்து "சொறிஞ்ச சபான்" என்று சத்தம் வரும். சேர் காதில் விழாததுபோல் நிற்பார். அது எனக்குத் தண்டனையா, அவர்களுக்கா என்று கடைசிவரை சொல்லவில்லை.

1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸாரை, சிங்களவரும் முஸ்லிம்களுமாக நூற்றுக்கணக்கில், புலிகள் கொன்ற செய்தி வந்தபோது நான் படிப்பை முடித்துவிட்டுப் பாஸ்போட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். பஸ் நிலையத்தில் சேரைக் கண்டேன். கையில் மடித்த பத்திரிகை. "இவங்கட பேரெல்லாம் எந்தப் பலகையில எழுதுறது?" என்றார். பஸ் வந்துவிட்டது. அவரோடு நேரில் பேசியது அவ்வளவுதான்.

மார்ச் 21 இப்போது பொலிஸ் வீரர்கள் தினம். சபானில் தொடங்கி, போரில் மாண்ட ஆயிரக்கணக்கானவர்கள் வரை எல்லோரையும் அன்று நினைவுகூர்கிறார்கள். என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் எறும்பு வரும் இடத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். உதுவன்கந்தையைப் பார்த்து வளர்ந்திருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பார்களோ என்னவோ. சரதியலாக நடித்தவர் ஊரிலேயே ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். சேரின் சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவராம். நான் இங்கே இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சேர் பெயரில் ஆண்டுதோறும் பரிசு ஒன்று வைக்கச் சங்கம் யோசிக்கிறது. சரித்திரப் பாடத்தில் முதலாம் இடத்துக்கு என்கிறார்கள். நான் நாடகத்துக்கு என்கிறேன், அதுவும் யாரும் கேட்காத வேஷத்தை ஏற்பவனுக்கு. செயலாளர் சிரிக்கிறார். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன்.