கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை

எங்கள் வீட்டில் கட்டிலில் இருந்து பாத்ரூமுக்குப் பத்து அடி. நான்கு மாதமாக அன்றைக்கு நான் ஓடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்தப் பத்து அடிதான். இடது குதிகாலுக்கு இரண்டு விரல் மேலே நரம்பு கம்பி மாதிரி விறைத்திருக்கும். நரம்பு இல்லை, தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் என்று பிசியோ மூன்று முறை திருத்திவிட்டார். வாயில் வருவதென்னவோ நரம்புதான். மூன்றாவது அடியில் இளகினால் ஓடலாம். கதவு வரை நொண்டினால் ஷூவைத் தொடக் கூடாது.

முதல் மாதம் தொட்டேன். ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது நான்கு மாதமாக இழுக்கிறது.

ஜூனில் தென்னாப்பிரிக்கா போகிறேன், காம்ரேட்ஸ் ஓட. 1921-இல் தொடங்கிய ஓட்டம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். ஒரு வருடம் ஏற்றம், ஒரு வருடம் இறக்கம் என்று பொதுவாக மாறி மாறி வரும். எனக்கு வாய்த்தது இறக்கம். 12 மணி நேரம் முடிந்ததும் ஒருவர் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்றாலும் மெடல் கிடையாது. முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்றுதான் திரும்பி நிற்கிறாரோ என்னவோ. 1975 வரை அங்கே பெண்களுக்கு அதிகாரபூர்வமாக இடமே இல்லை. அதைப் படித்த அன்றே பணம் கட்டிவிட்டேன். அப்போது குதிகால் நன்றாகத்தான் இருந்தது.

நான் ஜோலார்பேட்டையில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்தால் ஏலகிரி பக்கத்திலேயே இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் அதியமான், பேகன், கம்பர் என்று ஒரு பெயர். முன்பெல்லாம் அடிவாரத்தில் இருந்து ஓடியே ஏறுவேன். ஏற்றத்தில் குதிகால் தாழ்ந்து அந்தத் தசைநாண் அளவுக்கு மீறி இழுபடுகிறது என்று தெரிந்த பிறகு, பஸ்ஸில் ஏறிப்போய் ஓடி இறங்குகிறேன். முதல் நாள் கண்டக்டர் கேட்டார்: "ஏம்மா, கீழ ஓடிப் போறதுக்கா டிக்கெட் எடுத்து மேல வந்தீங்க?" டிக்கெட் கொடுத்தே பிழைக்கிற எனக்குப் பதில் வரவில்லை.

காம்ரேட்ஸும் பேருக்குத்தான் இறக்கம். இஞ்சாங்கா, போதாஸ் ஹில் என்று ஏறவும் வேண்டும். அதையெல்லாம் நடந்தே கடப்பதாகத் திட்டம். கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஃபீல்ட்ஸ் ஹில் என்றொரு நீண்ட இறக்கம், தொடையைக் கழற்றிவிடும் என்கிறார்கள். பேகன் வளைவில் நான் பழகுவது அதற்குத்தான்.

வைத்தியம் என்று பார்த்தால் மொட்டை மாடிப் படிதான். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலால் மெதுவாக இறங்க வேண்டும். முட்டியை நீட்டி 45 தடவை, மடக்கி 45 தடவை. காலை, மாலை இரண்டும் சேர்த்தால் 180. ஆல்ஃப்ரெட்சன் என்ற ஸ்வீடன் டாக்டர் 1998-இல் வெளியிட்ட முறை இது. அவருக்கே இந்த வலி இருந்திருக்கிறது. ஆபரேஷன் செய்யச் சொல்லிக் கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட்டார். அறுந்து தொலைந்தாலாவது செய்வார்கள் என்று அதே காலில் மேலும் மேலும் பாரம் ஏற்றினார், வலி போய்விட்டது! அரசாங்க உத்தியோகம் பார்க்கிற எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வடகம் காயப் போட வந்தவள், "வலிக்குற காலை வச்சுக்கிட்டு எதுக்குடி படியில குதிக்கிற? உப்புத்தண்ணி காய்ச்சித் தரேன், உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. மறுநாள் காலை அதே விறைப்பு.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஓட்டக்காரத் தோழி ஒருத்தி சொல்கிறாள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உடம்பில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அது வேண்டாம்.

போன ஞாயிறு 32 கிலோமீட்டர் ஓடினேன். திங்கட்கிழமை மூன்றாவது அடியிலேயே இளகிவிட்டது. அந்தத் தெம்பில் புதன்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு கம்பர் வளைவு வரை ஓடியே ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை ஏழாவது அடி. ஏலகிரி பஸ் இந்நேரம் கிளம்பியிருக்கும். நான் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். காலைக் கணக்கில் இன்னும் 45 பாக்கி.